எட்டாம் நம்பர் விழும்போதெல்லாம் கைதட்டினார்கள்

கூடைப்பந்து ஆட்டத்துக்கு நான் வரவே கூடாது என்று என் மகள் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது அவள் ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். குளுவாங்கில் அவள் பள்ளிக்கூடத்துக்கும் வேறு ஏதோ பள்ளிக்கூடத்துக்கும் ஆட்டம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ஆட்டம் முழுக்க அவளைப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை. முடிந்ததும் நேராக அவர்களுடைய டீச்சரிடம் போனேன். "என் பிள்ளைய எதுக்கு டீச்சர் கூட்டிட்டு வந்தீங்க, தண்ணி போத்தல் காவல் காக்கிறதுக்கா?" என்று கேட்டுவிட்டேன். டீச்சருக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் கேட்டேன். அதனால் அங்கே இருந்த எல்லாருக்குமே புரிந்துவிட்டது.

எங்கள் ஊர் லாயாங் லாயாங் வந்து சேரும் வரை அவள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் இறங்கும்போதுதான், "இனிமே நீங்க வராதீங்கப்பா" என்றாள். கத்தவில்லை, அழவும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனாள். கதவை ஓங்கி அடித்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு ஜொகூர் பாருவில் காலேஜ் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கினாள். அங்கேயும் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்திருக்கிறாள் என்று என் மனைவி சொல்லித்தான் தெரியும். நான் ஆயர் ஈத்தாமில் ஒரு மர நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன். காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. வார விடுமுறைக்கு மகள் வந்தால் சாப்பாடு, படிப்பு, உடம்பு எல்லாம் பேசுவோம். பந்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குப் பொந்தியான்ல பைனலாம். மூணு மணிக்கு."

"யாருக்கு?"

"யாருக்கா? உங்க மகளுக்குத்தான்."

"நீ போறியா?"

"எங்க அக்கா வீட்டு நிச்சயதார்த்தத்த விட்டுட்டா? நீங்க போயிட்டு வாங்க."

"வராதன்னு சொன்னாளே."

"பக்கத்துல போனாத்தானே. எங்கயாச்சும் மேல உக்காந்து பாருங்க. வாய மட்டும் தொறக்காதீங்க."

சனிக்கிழமை அரை நாள் வேலை. முடித்துவிட்டு ஆயர் ஈத்தாமிலிருந்தே பொந்தியானுக்குக் காரை விட்டேன். தலையில் தொப்பி போட்டுக்கொண்டேன். ஒரு முகக்கவசத்தையும் மாட்டிக்கொண்டேன். விளையாட்டு மண்டபத்துக்குள் நுழையும்போது திருடன் மாதிரிதான் இருந்தது.

உள்ளே இரண்டு பக்கமும் படிப்படியாக இருக்கை. ஒரு பக்கம் நீலச் சட்டைக் கூட்டம், இன்னொரு பக்கம் சிவப்புச் சட்டைக் கூட்டம். எங்கள் பிள்ளையின் காலேஜ் நிறம் என்னவென்றே எனக்குத் தெரியாது. சிவப்புப் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. மறைவாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே போய் விழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு மலாய் மாணவன் கொம்பாங் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண், கையில் ஒலிபெருக்கி. இருபத்திரண்டு வயது இருக்கும். திரும்பி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"அங்கிள் எந்த சைடு?"

கீழே பார்த்தேன். சிவப்பு உடுப்பில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் நடை எனக்குத் தெரிந்த நடையாக இருந்தது.

"உங்க சைடுதாம்மா" என்றேன்.

"அப்ப கத்தணும்லா" என்று சொல்லிவிட்டு, காற்று நிரப்பிய இரண்டு பிளாஸ்டிக் குச்சிகளை என் கையில் திணித்தாள். தட்டினால் டப் டப் என்று சத்தம் வரும் குச்சிகள்.

அவள்தான் என் மகளா என்பதில் எனக்குக் கொஞ்ச நேரம் சந்தேகம் இருந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது இடுப்பு வரை இருந்த முடி. கண்ணாடியும் இல்லை. கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தை நான் பார்த்ததெல்லாம் தூங்கும்போது மட்டும்தான். முதுகில் எட்டு என்று எழுதியிருந்தது. விசில் ஊதி ஆட்டம் ஆரம்பித்தபோது அவள் பெஞ்சுக்குப் போவாள் என்று காத்திருந்தேன். போகவில்லை. நடுவில் நின்ற ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் யாரோ என்னை மூன்று வருஷமாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது போலவும் இருந்தது.

ஆட்டம் வேகமாகப் போனது. பந்து எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அது வேறு எங்கோ போய்விடும். எங்கள் பக்கத்தில் பதினான்காம் நம்பர், உயரமான சீனப் பெண். பந்து அவள் கைக்குப் போனாலே கொம்பாங் அதிரும். பெரும்பாலும் கூடைக்குள் விழுந்துவிடும். என் மகளிடம் பந்து வந்தால் உடனே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். அவள் கூடையைப் பார்த்து எறியவே இல்லை. இவளை எதற்கு ஆட வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. நீலச் சட்டையில் நல்ல வாட்டசாட்டமான ஒரு பெண் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கி ஓடி வந்தாள். என் மகள் குறுக்கே போய் நின்றாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஓடி வந்தவள் நேராக வந்து மோதி, தானும் விழுந்தாள். என் மகள் அப்படியே பின்னால் விழுந்து, தரையில் முதுகு தேய இரண்டு முழம் வழுக்கிக்கொண்டு போனாள்.

"ஐயோ!" என்று எழுந்துவிட்டேன். வாயைத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது.

என்னைச் சுற்றி நாற்பது பேரும் எழுந்திருந்தார்கள். கைதட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு. கொம்பாங் நிற்கவே இல்லை. நான் எதிரிக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேனோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

"ஏம்மா, அந்தப் பிள்ள விழுந்து கெடக்குது. எதுக்கும்மா கைதட்டுறீங்க?"

"விழுந்ததுக்குத்தான் அங்கிள்!" என்றாள் முக்காடு போட்ட பெண். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள். "எட்டு அசையாம நிக்கிறா. அவ மேல வந்து மோதினா மோதுனவ மேல தப்பு. பந்து நமக்கு. கால் நகர்ந்துட்டா மட்டும் எட்டு மேல தப்பு. இந்த ஆட்டத்துல இதச் செய்றதுக்கு யாருக்கும் தைரியம் வராது. எட்டு மட்டும்தான் செய்வா. அவ கூடையில போட மாட்டா அங்கிள். அவ வேல விழுறது."

அவ வேலை விழுவது. நான் உட்கார்ந்தேன். மகளைப் பெற்று, வளர்த்து, ஹாஸ்டலில் சேர்த்து, மாதா மாதம் அரிசியும் மாசிக் கருவாட்டுத் தூளும் கட்டிக் கொடுத்து அனுப்பியது இதற்குத்தானா என்று தோன்றியது. அவள் எழுந்து, மோதிய பெண்ணுக்கே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவை விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவை கைகள் தாமாகக் குச்சிகளைத் தட்டிவிட்டன. அதற்காக எனக்கே என் மீது கோபம் வந்தது.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. நானும் கொஞ்சம் பழகிவிட்டேன் என்று நினைத்து, நம் பிள்ளைகள் போடும் கூடையில் பந்து விழுந்ததும் டப் டப் என்று தட்டினேன். என்னைத் தவிர யாரும் தட்டவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கிள், சைடு மாறிடுச்சு" என்றாள் அந்தப் பெண். "இனிமே அந்தக் கூடை எதிரிக்கு."

"எப்பம்மா மாத்துனாங்க?"

"எப்பவும் பாதியில மாத்துவாங்க அங்கிள்."

அதற்குப் பிறகு அவள் தட்டினால் நான் தட்டினேன், அவள் நிறுத்தினால் நிறுத்தினேன்.

கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். இது எனக்குப் புரிந்தது, பலகையில் எழுதியிருந்தது. மண்டபத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. சில விநாடிகள்தான் பாக்கி. அந்த வாட்டசாட்டமான பெண்ணிடம் பந்து வந்தது. அவள் ஓடி வந்தாள். என் மகள் குறுக்கே போய் நின்றாள். மோதல். விழுந்தாள். விசில்.

எங்கள் பக்கம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். நானும் கத்தினேன். முகக்கவசம் மோவாய்க்கு இறங்கிவிட்டது. கத்தி முடித்துப் பார்த்தால் நடுவர் வேறு மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார். கொம்பாங் நின்றது.

"என்னம்மா?"

அவள் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினாள்.

"கால் நகர்ந்துச்சாம்" என்றாள்.

நீலச் சட்டைக்காரிக்கு யாரும் தடுக்காமல் எறிய இரண்டு வாய்ப்பு கொடுத்தார்கள். இரண்டையும் போட்டுவிட்டாள். ஒரு புள்ளியில் தோற்றுப்போனோம்.

எதிர்ப்பக்கம் நீலக் கூட்டம் உள்ளே இறங்கி ஓடியது. என் மகள் விழுந்த இடத்தின் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும் போல இருந்தது. போனால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு ஆண் குரல் மலாயில், "எட்டுதான் கெடுத்தது" என்றது. யார் என்று பார்க்க நான் திரும்புவதற்குள் முக்காடு போட்ட பெண் திரும்பிவிட்டாள்.

"எட்டு இல்லன்னா நாம பைனலுக்கே வந்திருக்க மாட்டோம்" என்று அவளும் மலாயில் சொன்னாள். "பேசாம இரு."

பிறகு ஒலிபெருக்கியை எடுத்து, "பதினாலு!" என்று கத்தினாள். கூட்டம் மூன்று தடவை கைதட்டியது. "எட்டு!" என்றாள். மறுபடி மூன்று தடவை. பதினாலு, எட்டு, பதினாலு, எட்டு என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்காமல் கத்தினாள். ஜெயித்தவர்கள்கூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தோற்றுவிட்டு இப்படிக் கொண்டாடுகிறவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவர்களுக்குத் தோற்றது புரியவில்லையா, எனக்குத்தான் ஏதாவது புரியவில்லையா?

நான் நழுவப் பார்த்தேன். முக்காடு போட்ட பெண் விடவில்லை.

"அங்கிளும் வாங்க. எங்க அத்தா கடை பக்கத்துலதான். ஜெயிச்சதும் எல்லாரும் சாப்பிடட்டும்னு காலையிலேர்ந்து பிரியாணி போட்டு வெச்சிருக்காரு. தோத்தாலும் பசிக்கும்ல?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். காரை அவர்கள் பின்னாலேயே விட்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கடை வாசலில் எல்லாரையும் இரண்டு வரிசையாக நிற்க வைத்தாள் அந்தப் பெண். அவளுடைய அத்தாவும் இடுப்புத் துண்டோடு வந்து வரிசையில் நின்றார். விளையாட்டு வீராங்கனைகளின் பேருந்து வந்து நின்றது. ஒவ்வொருத்தியாக இறங்கி, வரிசைக்கு நடுவே நடந்து, எல்லாரிடமும் கை குலுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் முகக்கவசத்தை மேலே ஏற்றினேன். தொப்பியை இறக்கினேன். பின்னால் போகலாம் என்றால் பின்னால் சாக்கடை.

பதினான்காம் நம்பர் வந்து என் கையைப் பிடித்து, மலாயில் நன்றி சொன்னாள். அவளுக்குப் பின்னால் என் மகள். தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. நீட்டிய கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் தேய்ந்திருந்தது. என் கையைக் குலுக்கினாள்.

"தேங்க்யூ அங்கிள்" என்றாள்.

அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். நான் நீட்டிய கையை மடக்காமலே நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லையா, தெரிந்தும் அங்கிள் என்றாளா? தெரியவில்லை என்றால் பெற்ற அப்பனின் கை தெரியாதா? தெரிந்தது என்றால், நான் அவளுக்கு என்ன அவ்வளவு பெரிய அவமானமா? இந்த இரண்டில் எது எனக்குப் பரவாயில்லை என்று முடிவு செய்ய முடியாமல் எல்லாரோடும் சேர்ந்து உள்ளே போனேன்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும், ரசிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இன்றைக்கு யார் ஆட்டம் தனக்குப் பிடித்தது, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீராங்கனைகள் பதில் பேசக்கூடாது, சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கொம்பாங் அடித்த மாணவன் பதினான்காம் நம்பரைச் சொன்னான். சுண்டு விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு அத்தனை பந்தையும் போட்டாள் என்றான். கட்டு இருந்ததையே நான் கவனிக்கவில்லை. ஒரு சீன மாணவி எட்டாம் நம்பரைச் சொன்னாள். தன்னைத் தள்ளியவளையே முதலில் தூக்கிவிடுகிறாள், அதைப் பார்க்கத்தான் தான் வருவதாகச் சொன்னாள். கடைக்காரர் அத்தா ஆட்டத்துக்கே போகவில்லை. ஆனாலும் எழுந்து, "நான் யாரையும் பாக்கல. ஆனா சோத்த மிச்சம் வெக்காம சாப்பிடுறவங்கதான் எனக்குப் புடிச்ச ஆட்டக்காரவங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் மூலையில் உட்கார்ந்து, குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்போதோ கண்ணாடியைப் போட்டிருந்தாள்.

"இப்ப நம்ம புது அங்கிள்!" என்றாள் முக்காடு போட்ட பெண்.

சாப்பிடுவதற்காக முகக்கவசத்தைக் கழற்றியிருந்தேன். மறுபடி மாட்டவும் நேரமில்லை. எழுந்தேன். எழுந்த பிறகு என்ன சொல்வது என்று யோசித்தேன். முதலில் தமிழில் ஆரம்பித்துவிட்டு, எல்லாரும் விழிப்பதைப் பார்த்து மலாய்க்கு மாறினேன்.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாது" என்றேன். "யாரு எந்தக் கூடையில போடணும்ங்கிறதே பாதியிலதான் தெரிஞ்சுச்சு. எட்டாம் நம்பர் விழுறப்ப நீங்கல்லாம் கைதட்டுனீங்க. கடைசியில நானும் தட்டுனேன். அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. அந்தப் பிள்ள விழுந்து எந்திரிக்கிற வரைக்கும் எனக்குப் பயமா இருந்துச்சு. நாலு தடவையும் பயமா இருந்துச்சு. அதுக்கு மேல சொல்லத் தெரியல."

மூலையிலிருந்து, வாயில் சோற்றோடு, தமிழில் ஒரு குரல் வந்தது.

"அப்பா, உக்காருங்க."

முதலில் புரிந்துகொண்டது தமிழ் தெரிந்த மூன்று நான்கு பேர்தான். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, அது ஒவ்வொரு மேசையாகப் பரவியது. முக்காடு போட்ட பெண் ஒலிபெருக்கியால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "அலமாக்! அங்கிள், உங்க மகள்ட்டயா 'அவ வேல விழுறது'ன்னு சொன்னேன்? இல்ல, உங்ககிட்டயா உங்க மகளப் பத்தி... ஐயோ, மன்னிச்சுக்குங்க அங்கிள்."

பிறகு வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். நன்றி, நன்றி என்றார்கள். எனக்கு எதற்கு நன்றி என்று கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் குலுக்கினார்கள். பதினான்காம் நம்பர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீச்சரைத் திட்டின அப்பா நீங்கதானா?" என்று மலாயில் கேட்டாள். "தண்ணி போத்தல் கதை? ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் எங்கள சிரிக்க வைக்க அவ அந்தக் கதையத்தான் சொல்லுவா. உங்கள மாதிரியே பேசிக் காட்டுவா."

என் மகளைப் பார்த்தேன். அவள் கோழித்துண்டைப் பிய்ப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு விடுமுறை என்பதால் என்னோடு வீட்டுக்கு வந்தாள். சிம்பாங் ரெங்கம் வரை பேசாமல் வந்தோம். இந்தத் தடவை நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"கடைசியில... கால் நகர்ந்துச்சாம்மா?"

"தெரியலப்பா."

"தெரியலன்னா? உன் காலுதானே?"

"நெனச்சுப் பாத்தா நகரலன்னு இருக்கு. திரும்ப நெனச்சா நகர்ந்த மாதிரியும் இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நகர்ந்திருந்தா நான்தான் தோக்கடிச்சேன். நகரலன்னா நடுவர் தோக்கடிச்சாரு. எதுன்னு தெரியாம, ரசிகருங்க என்னையப் பாராட்டுறப்ப ஏத்துக்கிறதா வேணாமான்னு தெரியல."

இதற்கு ஒரு அப்பா என்ன சொல்வான்? "வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்குது" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"வரிசையில என்னைய அங்கிள்னு சொன்னியே?"

"கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாரும் அங்கிள்தாம்பா" என்றாள். சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் முன்னால் ஒரு லாரி பிரேக் போட்டது.

மனம் கொஞ்சம் லேசானது. மறுநாள் காலையில் அடுப்படியில் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். கண்ணாடி இல்லாமல் பாவம், அவ்வளவு பக்கத்தில்கூடக் கண் தெரியவில்லை, அப்படியும் ஆடுகிறாள் என்றேன்.

தோசையைத் திருப்பிப் போட்டவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாருக்குக் கண்ணு தெரியல? அவ லென்ஸ் போட்டுக்கிட்டுல்ல ஆடுறா. நான்தான வாங்கிக் குடுத்தேன், ஒரு வருஷம் ஆச்சு."

"அப்ப எதுக்கு அங்கிள்னா?"

"என்னையக் கேட்டா? அவளையே கேளுங்க."

கேட்கவில்லை. அழுது கண் கலங்கியிருந்ததால் தெரியாமல் போயிருக்கலாம். அப்பா என்று சொன்னால் அங்கேயே உடைந்துவிடுவோம் என்று பயந்திருக்கலாம். குளுவாங்கில் நடந்ததற்கு ஒரு சின்னப் பழிவாங்கலாகக்கூட இருக்கலாம். மூன்றில் எது என்று கேட்டு, அது மூன்றாவதாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் இருக்கும் புல் திடலில் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். கையில் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டிருந்தது. அம்மா கையில் போனைக் கொடுத்து, "என் காலை மட்டும் வீடியோ எடுங்கம்மா" என்றாள். பிறகு நெஞ்சுக்கு முன்னால் கைகளை மடக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"ஓடி வந்து என் மேல மோதுங்கப்பா."

"என்னது?"

"கால் நகருதா இல்லையான்னு பாக்கணும். புல்லுதான், அடி படாது. வாங்க."

பத்து அடி தள்ளிப் போய் நின்று ஓடினேன். கிட்டே வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

"நிக்காதீங்கப்பா."

மறுபடி ஓடினேன். இந்தத் தடவை கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டேன். "நீங்கதான் நகர்றீங்க" என்று சலித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயசில் சொந்த மகள் மீது மோத ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ.

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். தோள் அவள் மீது இடித்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். நானும் நிலை தடுமாறி அவளுக்குப் பக்கத்தில் புல்லில் விழுந்தேன். முழங்கால் எரிந்தது. படுத்தபடியே மனைவியைப் பார்த்துக் கேட்டேன்.

"நகர்ந்துச்சா?"

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலங்க. நான் உங்க மூஞ்சியத்தான் எடுத்திருக்கேன்."

மகள் எழுந்து, கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் போய் நின்று, கைகளை மடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவப்பா" என்றாள்.

நான் நொண்டிக்கொண்டே பத்து அடி பின்னால் போனேன்.